பீமை மூடுவதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு பகுதியில், பழைய வீட்டின் பின்சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தை நீட்டிக் கட்டியவர்களின் அனுபவங்கள் அவ்வப்போது வருகின்றன. அண்மையில் வந்த ஒன்றில், ‘இங்கே ஒரு சுவர் இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்’ என்று வீட்டுக்காரர் பூரித்துப் பேசியிருந்தார். படமும் அப்படித்தான் இருந்தது. பழைய பகுதியும் புதிய பகுதியும் ஒரே மட்டத்தில், ஒரே வெள்ளையில். மாடியின் பாரத்தைத் தாங்கும் இரும்பு பீம் அதற்குள் எங்கோ இருக்கிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் இருந்தது ஒரே வரி: ‘பீமை சீலிங்குக்குள் மறைத்துவிட்டோம்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சீலிங் வேலை எடுத்துச் செய்பவன். சேனல் கட்டி, ஜிப்சம் போர்டு அடித்து, இணைப்பில் டேப் ஒட்டி, பட்டி பார்த்துப் பெயின்டரிடம் ஒப்படைப்பது என் தொழில். இன்ஜினியர் கணக்குப் போட்டு, வெல்டர் செய்து, மேஸ்திரி ஏற்றி வைத்த பீமைக் கடைசியாகக் கண்ணால் பார்ப்பது என் ஆட்கள்தான். எங்களுக்குப் பிறகு அதைப் பார்க்கப் போவது பெரும்பாலும் அந்த வீட்டை இடிக்க வருபவராக இருப்பார். இடையில் எத்தனை வருடமோ, அதுவரை அந்த இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த வசதியான இடத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பீமை மறைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் மறைக்கும் முடிவை வரைபடம் போடும்போதே எடுங்கள். போர்டு ஏறுவதற்கு முன், கணக்குப் போட்டவர் நேரில் வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்த இரண்டும் நடக்கும் வீடுகள் மிகவும் குறைவு.

வழக்கமாக நடப்பது என்ன தெரியுமா? பீம் ஏறி, அதுவரை மாடியைத் தற்காலிகமாகத் தாங்கிய முட்டுகளைக் கழற்றிய பிறகுதான் எனக்கு போன் வரும். ‘பீம் ஏத்தியாச்சுண்ணே, வந்து மறைச்சுக் குடுத்துருங்க.’ போய் நின்றால் பீம் தளத்துக்குக் கீழே 200 மில்லிமீட்டருக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் கையில் கைபேசி, அதில் ஏதோ ஒரு நாட்டு வீட்டின் படம், ஒரு மேடுகூட இல்லாத கூரை. ‘இந்த மாதிரி வேணும்.’ அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது இரண்டுதான். மொத்தக் கூரையையும் பீமுக்குக் கீழே இறக்குவது, அல்லது பீமை மட்டும் பெட்டி கட்டி மூடுவது. முன்னதைச் செய்தால் கூடம் தாழ்ந்துபோகும், ஜன்னலின் மேல்விளிம்பும் சீலிங்கும் முட்டிக்கொள்ளும். பின்னதைச் செய்தால் படத்தில் இருப்பது மாதிரி வராது. வேலை தெரியாதவன் என்ற பார்வை என் மேல்தான் விழும்.

பீமுக்கு இருப்பது மூன்று இடம். தளத்துக்குக் கீழே, தளத்தின் தடிமனுக்குள், தளத்துக்கு மேலே. கீழே வைப்பது எளிது, மலிவு, பெட்டி தெரியும், அவ்வளவுதான். மேலே வைத்தால் மாடிச் சுவரின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். தளம் அதன் அடிவிளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். கீழிருந்து பார்த்தால் தடயமே இருக்காது. ஆனால் பீமுக்கு மேலே மாடிச் சுவர் இல்லாமல் மொட்டை மாடியாக இருந்தால், மழைநீர் ஓட வேண்டிய வழியில் அது ஒரு வரப்பு மாதிரி நிற்கும். வடிகால் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே யோசிக்காவிட்டால் அடுத்த மழையில் என் போர்டுதான் நனையும்.

தடிமனுக்குள் வைப்பதுதான் எல்லோரும் ஆசைப்படுவது. மரத் தளமாக இருந்தால் இது நன்றாக வரும், நிதானமாகச் செய்தால். ஜாய்ஸ்டுகளை, அதாவது தளத்தைத் தாங்கும் மரக் கட்டைகளை அறுத்து, பீமின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நடுவே நுழைக்க வேண்டும். அல்லது அந்த இரண்டு விளிம்புகளையும் இணைக்கும் நடுத்தகட்டின் இருபுறமும் கட்டையை வைத்து போல்ட் போட்டு, அதில் கொக்கித் தகடு அடித்து ஜாய்ஸ்டைத் தொங்கவிட வேண்டும். அறுத்த நிமிடத்திலிருந்து பீம் பாரத்தை வாங்கும் வரை அந்த மாடி முழுக்க முட்டுகளின் மேல் நிற்கும். இதில் ஒரு நுணுக்கம். மரம் காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும், இரும்பு சுருங்காது. ஜாய்ஸ்டின் மேல்மட்டமும் பீமின் மேல்மட்டமும் ஏற்றிய அன்று சரியாக ஒன்றாக இருந்தால், மரம் காய்ந்த பிறகு மாடித் தரையில் பீம் ஓடும் கோடு மேடாகத் தெரியும். விவரம் தெரிந்த தச்சர்கள் மரத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியே வைப்பார்கள். கீழேயும் அதே கதை. மரம் இரும்பைவிடச் சற்றுத் தாழ்ந்து நின்றால்தான் என் போர்டு இரும்பைத் தொடாமல் ஓடும். இரும்பைத் தொட்டால், சூட்டிலும் குளிரிலும் இரண்டும் வேறுவேறு அளவில் நகர்ந்து பட்டியில் கோடு விழும். காங்கிரீட் தளத்தில் இந்த வித்தைக்கு இடம் குறைவு. வார்த்து இறுகிய தளத்தை அறுத்து நடுவில் பீமைச் செருகுவது இன்ஜினியர்களே யோசிக்கிற காரியம். புதிதாக வார்க்கும் பகுதியில் என்றால் பேசலாம்.

இதில் எது என்று முடிவானால்தான் பீம் எவ்வளவு ஆழமாக இருக்கலாம் என்பதே தெரியும். நம்மிடம் தலைகீழாக நடக்கிறது. முதலில் பீம் வந்துவிடுகிறது, பிறகு அதை எங்கே ஒளிப்பது என்று தேடுகிறோம்.

‘ஆழம் குறைஞ்ச பீமாப் போட்டா போதுமே’ என்பார்கள். கேட்க எளிது. இன்ஜினியர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கியதைச் சொல்கிறேன். ஆங்கில ஐ (I) வடிவ பீமில் விளிம்புகள் அதே அளவில் இருக்க, ஆழத்தை மட்டும் 300 மில்லிமீட்டரிலிருந்து 200க்குக் குறைத்தால் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, பாதிக்கும் கீழே போய்விடும். தொய்வு இரட்டிப்புக்கு மேல். பீம் தாண்ட வேண்டிய இடைவெளி கூடினால் இன்னும் மோசம். நீளவாக்கில் சீராக விழும் பாரத்துக்கு, தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 4 மீட்டர் திறப்பை ‘இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக்கலாம்’ என்று 5 மீட்டர் ஆக்கினால், அதே பீம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு தொய்யும். இதற்கு மருந்து என்று சிலர் சொல்வது ‘உயர்ந்த கிரேடு ஸ்டீல் போட்டுக்கலாம்’. உயர்ந்த கிரேடு உடையாமல் தாங்கும் பலத்தைக் கூட்டும், தொய்வைக் குறைக்காது. சாதாரண ஸ்டீலுக்கும் உயர்ந்த ஸ்டீலுக்கும் மீள்தன்மை எண் ஒன்றுதான், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன். தொய்வைத் தீர்மானிப்பது அந்த எண்ணும் பீமின் வடிவமும்தான்.

ஆக, ஆழத்தைக் குறைத்தால் தகட்டின் தடிமனைக் கூட்ட வேண்டும், எடை ஏறும். பரவாயில்லை, அது நடக்கக்கூடியதுதான். என் கவலை அடுத்த படி. பூச்சும் போர்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஆட்கள், சாமான்கள் என்று வந்து போகும் நடமாட்ட பாரத்தால் வரும் தொய்வு இடைவெளியில் 360இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 5 மீட்டருக்கு அது 14 மில்லிமீட்டர். கேட்டால் சின்னதாகத் தெரியும். மட்டமான வெள்ளைக் கூரையில், நடுவில் நகரும் பீமும் ஓரத்தில் நகராத சுவரும் சந்திக்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிது என்று பட்டி பார்ப்பவனிடம் கேளுங்கள். பீம் கணக்குப்படி சரியாகவே இருக்கும், பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனாலும் மயிரிழைக் கோடு வரும். அந்த இடத்தில் போர்டைச் சுவரோடு இறுக்கி ஒட்டாமல், நகர இடம் விட்டு, ஓரப் பட்டை கொடுக்க வேண்டும். பீம் எங்கே ஓடுகிறது, எவ்வளவு தொய்யும் என்று எனக்கு யாராவது சொன்னால் நான் இடம் விடுவேன். சொல்வதில்லை. கோடு விழுந்த பிறகு போன் மட்டும் எனக்கு வரும்.

போல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள பீம் 5 மீட்டர் என்றால் 300 கிலோ. வீட்டு நடை வழியாக, பக்கத்துச் சந்து வழியாக அதை நுழைக்க முடியாது. அதனால் இரண்டு துண்டாகக் கொண்டுவந்து உள்ளே வைத்துத் தகடு போட்டு போல்ட்டில் இணைப்பார்கள். தப்பில்லை, இன்ஜினியர் இடம் குறித்துக் கொடுத்த இணைப்பு என்றால். ஆனால் கீழ்விளிம்பின் அடியில் ஒரு தகடு 12 மில்லிமீட்டர், அதற்கும் கீழே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டின் தலை இன்னொரு 12, வாஷர் 3. வரைபடத்தில் பீம் 203 மில்லிமீட்டர் என்று இருக்கும், சைட்டில் அந்த இணைப்பு இருக்கும் இடத்தில் அது 230. அதற்குக் கீழே இரண்டு அடுக்கு போர்டு 25. வரைபடத்தில் மட்டமாக இருந்த கூரை நிஜத்தில் இறங்குவது இந்தக் கணக்கில்தான். போல்ட்டைத் தலைகீழாகப் போட்டால் இன்னும் மோசம், நட்டும் மீதி மரையும் சேர்ந்து தொங்கும். ஒரு வீட்டில் என் வேலைக்கு இடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வெல்டர் போல்ட்டின் தலைகளை கிரைண்டரால் தேய்க்கத் தொடங்கிவிட்டார். நல்ல மனசு. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தலை புதைந்து உட்காரும் கவுண்டர்சங்க் போல்ட் உண்டு, தகட்டைப் பக்கவாட்டில் மட்டும் போடும் இணைப்பும் உண்டு. இரண்டையும் வரைபடத்தில் கேட்க வேண்டும், ஏணியில் நின்றுகொண்டு அல்ல.

பீமின் முனைகள் இன்னொரு விஷயம். இன்னொரு வீட்டில் பீமின் அடிக்கும் சுவருக்கும் நடுவே என் பட்டித் தகட்டை விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் உள்ளே போயிற்று. பீம் உட்கார்ந்திருந்தது இரண்டு உடைந்த டைல் துண்டுகளின் மேல், அதுவும் சுவரின் விளிம்பை ஒட்டி. மட்டம் பிடிக்க யாரோ அப்போதைக்குச் செருகியவை. பிறகு எடுத்துவிட்டு இரும்புத் தகடு வைத்துக் கலவை அடைக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு முனையில் 5 டன் இறங்குகிறது என்று வையுங்கள். பீமின் அகலம் 150 மில்லிமீட்டர், சுவரில் ஏறியிருப்பது 100. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோ. சாதாரணச் செங்கல் சுவரை இந்த அளவுக்கு அழுத்தக் கூடாது. அதற்குத்தான் முனைக்கு அடியில் காங்கிரீட் பெட் பிளாக். அது மூன்று மடங்கு நீளத்துக்குப் பாரத்தைப் பரப்பினால் 33 கிலோ 11 ஆகிவிடும். அந்த வீட்டில் பெட் பிளாக் இருந்தது. பீம் அதன் மேல் நேராக உட்காராமல் டைல் துண்டின் இரண்டு மூலைகளில் நின்றுகொண்டிருந்தது. நான் வேலையை நிறுத்தி இன்ஜினியருக்குப் படம் அனுப்பினேன். அவர் வந்து, முட்டு கொடுத்து, தகடு வைத்துச் சரி செய்தார். அன்று போர்டு அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மேல்விளிம்பையும் பாருங்கள். பீமுக்கும் அது தாங்க வேண்டிய சுவருக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருக்கும். அதில் தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையைக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் அழகாகப் பூசிவிட்டு உள்ளே வெற்றாக விட்டிருப்பதை டார்ச் அடித்தால் கண்டுபிடித்துவிடலாம். முட்டைக் கழற்றியதும் சுவர் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கும். விரிசல் மாடி ஜன்னலின் மூலையில் தெரியும். கீழே சீலிங் அப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

இனி தீ. ‘மூடியாச்சு, இனி பீமுக்குப் பயமில்லை’ என்று நினைப்பவர்கள் அதிகம். எதைக் கொண்டு மூடினோம் என்பதைப் பொறுத்தது அது. இரும்பு எரியாது, ஆனால் சூட்டில் தளரும். சுமார் 400 டிகிரி செல்சியஸ் வரை அதன் பலம் பெரிதாகக் குறையாது. 600ஐத் தொடும்போது பாதிகூட மிஞ்சாது, விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். தீத் தாங்கும் திறனைச் சோதிக்கும் உலைகளுக்கு ஐஎஸ்ஓ 834 என்று ஒரு வெப்பக் கோடு உண்டு. அதன்படி உலை 5 நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842. மூடாத பீம் அந்த அரை மணியைத் தாண்டுவது கடினம். தளர்வது மட்டுமில்லை, நீளவும் செய்யும். 5 மீட்டர் பீம் 500 டிகிரி சூடு ஏறினால் 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீண்டு சுவரைத் தள்ளும்.

ஜிப்சம் போர்டு இங்கே செய்யும் வேலையை என் ஆட்களுக்கே நான் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீ பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அது தீரும்வரை போர்டின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். போர்டு பீமுக்கு வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான். கண்ணாடி இழை கலந்த தீத்தடுப்பு போர்டாக இருந்தால் தண்ணீர் போன பிறகும் சீக்கிரம் உதிராது. இரண்டு அடுக்கு அடித்தால் மேல் அடுக்கின் இணைப்பும் கீழ் அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. ஸ்க்ரூ நீளமும் இடைவெளியும் போர்டு செய்தவர் கொடுத்தபடி இருக்க வேண்டும். இவ்வளவும் பார்த்துச் செய்து முடித்த பிறகு, எலக்ட்ரீஷியன் வந்து அதே பெட்டியின் அடியில் வரிசையாக டவுன்லைட்டுக்கு, அதாவது கூரைக்குள் பதிக்கும் விளக்குக்கு, ஓட்டை போடுவார். ஒவ்வொரு ஓட்டையும் தீக்கு ஒரு வாசல். விளக்கு அங்கேதான் வேண்டுமென்றால் அதற்கென்று தீத்தடுப்பு மூடி உண்டு, அல்லது விளக்கைப் பக்கத்தில் தள்ளிப் போடலாம்.

சிலர் பீமுக்குத் தீயில் பொங்கி வீங்கும் பெயின்ட் அடித்திருப்பார்கள். 200 டிகிரியைத் தாண்டியதும் பல மடங்கு பொங்கி நுரைத்து இரும்பைப் போர்த்திக்கொள்ளும் பூச்சு அது. நல்ல சரக்கு. பொங்க இடம் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்த பீமோடு போர்டை ஒட்டி இறுக்கச் சொன்னால் அது எங்கே பொங்கும்? இன்னும் சிலர் மரப் பலகையால் பெட்டி செய்து, பழைய காலத்து உத்தரம் மாதிரி நிறம் ஏற்றிக் கேட்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கிறது. அழகுக்கு அது போதும், தீக்கு அதன் உள்ளே வேறு ஏற்பாடு வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளம்பர் குழாய்க்காக நடுத்தகட்டில் ஓட்டை கேட்டால் இன்ஜினியரைக் கேட்காமல் யாரும் சம்மதிக்கக் கூடாது. வட்டமாக, ஆழத்தின் நடுப்பகுதியில், முனைகளை விட்டுத் தள்ளி என்றால் அவர் பெரும்பாலும் அனுமதிப்பார். விளிம்பில் வெட்டு என்றால் பேச்சே கிடையாது. வெல்டிங் பட்டு, துரு பிடிக்காமல் அடிக்கும் முதல் பூச்சான ப்ரைமர் கருகிய இடங்களைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். ஈரம் பட்ட ஜிப்சம் இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், துரு ஏறிய இரும்பு பெருத்துப் போர்டைத் தள்ளும். பீமின் ஒரு முனை வெளிச்சுவரைத் தாண்டி வெளியே தெரிந்தால், குளிர் நாட்களில் உள்முனை வியர்க்கும். மரத்தைவிட முந்நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது இரும்பு. அந்த ஈரத்தைக் கூரை ஒழுகல் என்று நினைத்து மொட்டை மாடியில் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி கட்டிய பீமை ஏன் இவ்வளவு குறையாக நினைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய வீடு முடிந்து புதிய பகுதி தொடங்கும் இடத்தில் 150 மில்லிமீட்டர் இறங்கிய ஒரு கோடு, நேராக, கூர்மையான ஓரத்தோடு இருந்தால் அது கூடத்துக்கு ஒரு ஒழுங்கைத்தான் தருகிறது. சிகாகோவில் லேக் ஷோர் டிரைவில் மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக் கலைஞர் 1951இல் முடித்த இரட்டை அடுக்குமாடிகளைப் பற்றி ஓர் ஆர்க்கிடெக்ட் சொன்னார். தீ விதிப்படி தாங்கும் இரும்பையெல்லாம் காங்கிரீட்டுக்குள் பொதிய வேண்டியிருந்ததாம். இரும்பு தெரியாமல் போகிறதே என்று மனிதர் கட்டடத்தின் வெளிமுகத்தில் தனியாக ஐ வடிவ இரும்பை வரிசையாக ஒட்டவைத்துவிட்டார். அவர் காட்டுவதற்காக இரும்பு ஒட்டினார், நாம் 150 மில்லிமீட்டரைச் சகிக்க முடியாமல் ஒட்டுமொத்தக் கூரையையும் இறக்குகிறோம். மறைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு நான் மறைத்துக் கொடுப்பேன். கேட்பவர்களிடம் என் அபிப்பிராயம் இதுதான்.

இப்போது அந்த ஒரு நாள். பீம் ஏறி, முனை அடைத்து, முட்டு எடுத்து, ப்ரைமர் காய்ந்த பிறகு, போர்டு ஏறுவதற்கு முன் ஒரு நாள் சைட்டில் யாரும் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். அன்று இன்ஜினியர் வந்து முனைகள், இணைப்பு, போல்ட் இறுக்கம், மேல்விளிம்பு பக்கவாட்டில் நெளியாமல் பிடித்திருக்கிறதா, தீக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பார்த்து ‘மூடலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். மூடும் முன் ஆய்வு செய்வதைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அங்கே பார்க்காமல் மூடினால் அடித்த போர்டைப் பிரிக்கச் சொல்ல ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஒருவர் வராத இடத்தில் வீட்டுக்காரர்தான் அந்த அதிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? போர்டு வந்து கூடத்தில் அடுக்கியிருக்கும், பெயின்டருக்குத் தேதி சொல்லியாகிவிட்டது, வீட்டுக்காரர் சமையலறை இல்லாமல் மூச்சுமுட்டிக்கொண்டிருப்பார். ஒப்பந்தக்காரர் என் தோளில் கை போட்டு, ‘எல்லாம் பார்த்தாச்சு, நீங்க மூடுங்க’ என்பார். பார்த்தது யார் என்று கேட்டால் கோபம் வரும். பல சைட்டுகளில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேலையும் கை மாறிப் போயிருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வீட்டை நீட்டிக் கட்டியவர்களின் கட்டுரையை வெளியிடும்போது, முடிந்த கூரையின் படத்துக்குப் பக்கத்தில் மூடுவதற்கு முந்தைய படம் ஒன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அழகாக இருக்காது. துருவும் சுண்ணாம்பும் வயரும் தெரியும். ஆனால் அப்படிப் படம் கேட்பார்கள் என்று தெரிந்தாலே எடுத்து வைப்பார்கள். எடுக்கப் போகும்போது டைல் துண்டு கண்ணில் படும். இதே கடிதத்தைப் படிக்கும் தொழில் தோழர்களுக்கும் சொல்கிறேன். வெளிச்சம் அடித்து, அளவு டேப்பைப் பிரித்துப் பிடித்து, இரண்டு முனைக்கும் நடு இணைப்புக்கும் தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கச்சுவரிலிருந்து பீமின் மையம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, இன்ஜினியரின் ஒரு வரியோடு சேர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். அவர் அதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளட்டும்.

பின்னாளில் மின்விசிறிக் கொக்கிக்கும், இன்னொரு அறைக்குச் சுவர் எடுக்கவும் அந்தத் தாள்தான் உதவும். தாள் இல்லாதவர்கள் என்னைக் கூப்பிட்டு, ‘காந்தம் வைச்சு பீம் எங்கேன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க’ என்கிறார்கள். வைத்துப் பார்த்தால் போர்டு முழுக்க அங்கங்கே ஒட்டும், எல்லாம் நாங்கள் அடித்த ஸ்க்ரூ.

இப்படிக்கு,
சீலிங் ஒப்பந்தக்காரர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)